எந்தப் பக்கம்

என் தொழிலுக்குத் தமிழில் சரியான பேர் இன்னும் அமையவில்லை. போர்டில் 'ஹிப்னோதெரபி' என்று எழுதி வைத்திருக்கிறேன். பத்திரிகைகளில் அறிதுயில், ஆழ்மனச் சிகிச்சை என்றெல்லாம் எழுதுகிறார்கள். எங்க தெருவுல மட்டும் இன்னைக்கும் 'தூங்க வைக்கிறவன்' என்றுதான் பேர். எங்க ஆயா உயிரோடு இருந்தவரை அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒங்க தாத்தன் பம்பை வச்சி செஞ்சத நீ நாற்காலி போட்டு செய்யற, அவ்ளோதான்" என்பாள்.

தாத்தா பம்பைக்காரர். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தச் சேரியில் அம்மனுக்குக் கூழ் ஊத்தினாலும் அவருக்கு ஆள் வரும். பேய் பிடித்தது என்று யாராவது பெண்ணை உட்கார வைத்தால், முதலில் அவள் மூச்சைத்தான் பார்ப்பார். மூச்சு எந்த வேகத்தில் இருக்கிறதோ அந்த வேகத்தில் அடியைத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேகத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு வருவார். இதை நான் பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது சிரிப்பு வந்தது. "யார் நீ? எதுக்கு வந்த?" என்று கேட்பார். வாயே திறக்காத பெண் அப்போது பேசுவாள். மாமியார் சோறு போடாததைப் பேசுவாள், கொழுந்தன் கையைப் பிடித்ததைப் பேசுவாள். தாத்தா அதோடு விட மாட்டார். மறுநாள் காலையில் அந்த வீட்டு ஆம்பளையைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார், சில நேரம் சண்டையும் போடுவார். வேப்பிலையால் அடிப்பதும் உண்டு, பிரம்பால் அடித்ததும் உண்டு. அதை மறைத்து அவரைப் பெரிய மருத்துவராக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனார் பாருங்கள், அதை நான் ரொம்ப வருஷம் மறந்து போயிருந்தேன். அந்த மறதியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எட்டு வயசில் என்னைத் தறியில் விட்டார்கள். 1974-ஆம் வருஷம். நைனா வாங்கிய முன்பணம் நூற்றைம்பது ரூபாய். கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு நாடா போட ஒரு பையன் வேண்டும். அந்தப் பையன் நான். காஞ்சிப் பட்டில் கரையைப் பிடித்து இழுத்தாலும் பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பிடிப்பில் பாதி ஒரு சின்னப் பையனின் கை.

தறி இருந்தது அவர்கள் வீட்டு முன்கூடத்தில். கூடம் வரைக்கும் நான் போகலாம். அதைத் தாண்டக் கூடாது. தண்ணீர் கேட்டால் வாசலில் நிற்க வைத்துக் கையில் ஊற்றுவார்கள். நான் தொட்ட நூல் மட்டும் சேலையாகிக் கல்யாணத்துக்கும் போகும், கோயிலுக்கும் போகும். பட்டுக்குத் தீட்டு கிடையாது என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

அந்தத் தறிக்குழி ஓரத்தில்தான் நான் முதல் முதலில் 'தூங்கினேன்'. கண் திறந்திருக்கும். நாடா போகும், வரும். மிதிக்கட்டைச் சத்தம், பண்ணை இடிக்கிற சத்தம். ஒரு மணி நேரம் கழித்துக் கை என்னுடையதாக இருக்காது. கை பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கும், நான் வேகவதி ஆற்று மணலில் ஆடிக்கொண்டிருப்பேன். ஒரு ஊடை தவறினால் நாடாவாலேயே தலையில் ஒரு தட்டு. உடனே திரும்பி வந்துவிடுவேன். ஆறு வருஷம் இப்படி. அப்புறம் நைனாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை கிடைத்தது. கடனை அடைத்து என்னை மீட்டார். அரசு விடுதியில் சேர்ந்து என்னைவிடச் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து படித்தேன்.

கல்லூரிக் காலத்தில் கோவூர் புத்தகம் கையில் கிடைத்தது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்தவர்கள் என்று கொண்டுவரப்பட்டவர்களை ஹிப்னாடிசம் செய்து விசாரித்துக் குணமாக்கிய கதைகள் தமிழில் வந்திருந்தன. அதைப் படித்துவிட்டுத்தான் சென்னைக்கு ஓடினேன். ஒரு பெரியவரிடம் மூன்று வருஷம் கற்றேன். அஞ்சல் வழியில் உளவியலும் படித்தேன்.

கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால், சினிமாவில் காட்டுவது எதுவும் இல்லை என்பதுதான் முதல் பாடம். ஊசலாடும் கடிகாரம் தேவையில்லை. இது தூக்கமே அல்ல. 1840-களில் இதற்குப் பேர் வைத்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவரே, தூக்கத்தின் பேரை இதற்கு வைத்துவிட்டோமே என்று பிறகு மாற்றப் பார்த்தார், முடியவில்லை. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது. மற்றது மங்குகிறது. அப்போது சொல்லும் சொல்லுக்கு உடம்பு சுலபமாக இணங்குகிறது. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு நன்றாக வரும், ஏறக்குறைய அதே அளவு பேருக்கு வரவே வராது, மற்றவர்கள் நடுவில். வலிக்கு உதவும், பயத்துக்கு உதவும், சில வயிற்றுக் கோளாறுக்கு உதவும். காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்பவருக்கு இது கூடாது. அவரை நான் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். நான் டாக்டர் இல்லை.

இந்தியாவில் இது நுழைந்த கதையை அந்தப் பெரியவர் வகுப்பில் சொன்னார். 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கம்பெனி மருத்துவர், மெஸ்மரிசம் என்று அப்போது சொன்ன இந்த முறையில் நோயாளியை மயக்க நிலைக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார். குளோரோஃபாம் வந்தது 1847-இல்தான். அதற்கு முன்பு அறுவை என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள, அலற அலற அறுப்பதுதான். எஸ்டெய்லிடம் கட்டிகள் வலியில்லாமல் போயின. அரசு குழு போட்டுப் பார்த்தது, கல்கத்தாவில் அதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரி கொடுத்தது. இவ்வளவும் வகுப்பில் சொன்னார்கள். சொல்லாத ஒன்றை, பல வருஷம் கழித்து எஸ்டெய்ல் எழுதிய புத்தகத்திலேயே படித்தேன். அவர் முதல் முதலில் கை வைத்துப் பார்த்த ஆள் ஒரு கைதி. பேர் மாதவ் கவுரா. பன்றி வியாபாரி. ஏழு வருஷம் கால் விலங்கோடு ரோடு போடும் தண்டனை. கவுரா என்பது வங்காளத்தில் பன்றி வளர்க்கும் சாதி, இன்று அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிறது. எஸ்டெய்ல் அதுவரை மெஸ்மரிசத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, படித்ததோடு சரி. பலிக்குமோ பலிக்காதோ தெரியாத ஒன்றைச் செய்து பார்க்க விலங்கு மாட்டிய நம்ம ஆள் கிடைத்தான். அவனுக்கு வலி குறைந்தது உண்மை. அவனைக் கேட்டார்களா என்பது வேறு கேள்வி.

1998-இல் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு சைக்கிள் கடை மாடியில் அறை எடுத்துத் தொழில் தொடங்கினேன். ஒரு நாற்காலி, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஒரு தடவைக்கு ஐம்பது ரூபாய். முதல் மாசம் நாலு பேர் வந்தார்கள். இரண்டாவது மாசம் ஒரு தறி முதலாளி வந்தார். கூட பதினேழு வயசுப் பையன். இடது கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தான், விரல்கள் மடங்கி இறுகியிருந்தன.

"சார், நல்லா வேலை செஞ்சிக்கிட்டு இருந்த பையன். ரெண்டு மாசமா கை வர மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டேன், நரம்புல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. சோளிங்கர் தக்கான் குளத்துல முழுக்குப் போட வச்சேன். நீங்க ஏதோ தூங்க வச்சி எடுக்கறீங்களாமே."

தூங்கும்போது கை விரிகிறதா என்று கேட்டேன். விரிகிறதாம். அப்படியானால் நரம்பு இல்லை, மனசுதான். நடிப்பும் இல்லை. அவனுக்கே தெரியாமல் கை நின்றுவிட்டிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். புத்தகத்தில் படித்த கேஸ் படியேறி வந்திருக்கிறது.

முதலாளி டீ வரவழைத்தார். மூன்று டீ. என் அறையில், என் டம்ளரில், என் முன்னால் உட்கார்ந்து குடித்தார். நாலு வாக்கியத்துக்கு ஒரு 'சார்'. குடித்துக்கொண்டே கேட்டார்: "சாருக்கு எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எதற்கு என்று இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மெட்ராஸ் பக்கம்" என்றேன். என் சேரி அந்த மாடியிலிருந்து ஒன்றரை மைல்.

அவர் வெற்றிலை வாங்க இறங்கிப் போன நேரத்தில் பையன் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டான். "சார், நீங்க நம்ம ஆளுதானே?"

கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மின்விசிறி ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம்.

மூன்று தடவையில் கை விரிந்தது. அவன் சுலபமாக மூழ்குகிற ஆள், தறி பழக்கியிருந்தது. 'நாடா போகுது, வருது' என்று நான் சொல்லச் சொல்லக் கண் சொருகினான். என் தறிக்குழி ஞாபகத்தையே அவன்மேல் மந்திரமாக ஏவினேன். விரல் ஒவ்வொன்றாக விரிந்தபோது முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். நூற்றைம்பதுக்கு ஐந்நூறாகக் கொடுத்தார். எந்தக் கடனுக்கு அவன் தறியில் இருக்கிறான், எப்போதிலிருந்து இருக்கிறான், ராத்திரி எங்கே படுக்கிறான், ஒன்றும் நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவனா நான்? அந்த 'சார்' எனக்குள் நன்றாக வேலை செய்தது. என்னையும் ஒருவர் சொல்லால் மயக்கி வைத்திருந்தார், மூன்று டீ செலவில்.

நாலு மாசம் கழித்து ஒரு அம்மா மாடிப்படி ஏறி வந்தாங்க. செவிலிமேட்டுக்கு அப்பால் ஒரு காலனி. வாசலிலேயே நின்றுகொண்டு, "ஐயா, நீங்கதான் எம்புள்ள கைய எடுத்து வுட்டவங்களா?" என்று கேட்டாங்க. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கை வந்துச்சிங்க. வாய் பூட்டிக்கிச்சி. மூணு மாசமா ஒரு பேச்சு இல்ல. தறியில உக்காந்துகினு நாடா போடறான், வூட்டுக்கு வந்தா செவுத்தப் பாத்துகினு படுத்துக்கறான்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தாங்க. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. அதனால் நானும் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்து, "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டாங்க. அதே கேள்விதான். ஆனால் இந்த வாயில் அது வேறு கேள்வி. சேரியின் பேரைச் சொன்னேன்.

"பம்பைக்காரரு பேரனா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஒனக்குத் தெரியாதா தம்பி?" என்றாங்க. கோபமாக இல்லை. சும்மாதான் கேட்டாங்க. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, அந்த 'தெரியாதா' போகவில்லை.

புருஷன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பன்னிரண்டாயிரம் வாங்கியிருக்கிறார்கள். புருஷன் செத்துவிட்டார், கடன் சாகவில்லை. பையன் ஒன்பது வயசில் தறிக்குப் போனவன். கூலியில் பாதியைப் பிடித்தும் கணக்கு குறையவில்லை. கை நிற்பதற்கு முந்தின வாரம் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறான். முதலாளி தெருவில் எல்லாரும் பார்க்கப் பதில் சொல்லியிருக்கிறார். எப்படி என்று அந்த அம்மா சொன்னாங்க, நான் எழுதவில்லை. வாயால் சொன்ன 'மாட்டேன்' செல்லுபடியாகவில்லை என்றதும் கை சொல்லியிருக்கிறது. அந்தக் கையை நான் ஐந்நூறு ரூபாய்க்கு இணங்க வைத்தேன்.

முதல் உலக யுத்தத்தில் இது பெரிய அளவில் நடந்தது என்பதைப் பின்னால் தேடிப் படித்தேன். காயமே இல்லாத சிப்பாய்களுக்குக் கை கால் வராமல் போனது, பேச்சு நின்றது, உடம்பு நடுங்கியது. ஜெர்மனியில் மாக்ஸ் நோன்னே என்ற டாக்டர் ஹிப்னாடிசத்தால் நடுக்கத்தை நிறுத்திக் காட்டிப் பேர் வாங்கினார். லண்டனில் யெல்லாண்ட் என்பவர் பேசாத சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் வைத்துப் பேச வைத்தார். டாக்டர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு ராணுவம் இருந்தது. கை சரியானால் அது யாருக்கு வேண்டும் என்பது சிகிச்சை தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. ஃபனான் இதைத் தலைகீழாகச் சந்தித்தவர். அல்ஜீரியாவில் பிளிடா மனநல ஆஸ்பத்திரியில் அவர் இருந்தபோது ஒரு போலீஸ்காரன் சிகிச்சைக்கு வந்தான். கைதிகளைச் சித்திரவதை செய்கிற வேலை. வீட்டில் மனைவி பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கிவிட்டான். அவன் கேட்டது வேலையை விடுவதற்கு வழியல்ல, மனசு உறுத்தாமல் அதே வேலையைச் செய்ய உதவி. ஃபனான் 1956-இல் அந்த ஆஸ்பத்திரி வேலையை ராஜினாமா செய்தார். எனக்கு ராஜினாமா செய்ய வேலை எதுவும் இல்லை. வாடகை பாக்கி இருந்தது.

தாத்தா மாதிரி மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனேனா? போனேன், நாலு மாசம் தாமதமாக. முதலாளி இந்தத் தடவை டீ வாங்கவில்லை. சேதி அவருக்கு எட்டியிருந்தது. திண்ணைக்குக் கீழேயே நிற்க வைத்துப் பேசினார், 'சார்' போய்விட்டது. வக்கீல் தோழர் ஒருவரைப் பிடித்து, 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியருக்கு மனுப் போட்டோம். அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் அடைக்க வேண்டியதே இல்லை, அது இல்லாமல் போய்விடுகிறது. ஊரெல்லாம் தறிக்குழியாக இருக்கிற காஞ்சிபுரத்தில் வளர்ந்து, மூன்று வருஷம் மனசைப் பற்றிப் படித்த எனக்கு இது முப்பத்திரண்டு வயசில்தான் தெரிகிறது. மனு மேசை மேசையாக நகர்ந்தது. விசாரணைக்கு வந்தவர் பையனைக் கேள்வி கேட்டார். அவன்தான் பேசமாட்டானே. 'வாதி ஏதும் புகார் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

பையனை மறுபடி என்னிடம் கூட்டி வந்தாங்க. நான் தூங்க வைக்கவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அன்னைக்கி நீ கேட்டல்ல, நான் நம்ம ஆளுதான்" என்றேன். அவன் பேசிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். தை மாசத்தில் ஒரு ராத்திரி அம்மாவும் பிள்ளையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சென்னையில் கட்டட வேலை என்று சொன்னார்கள். அங்கே பேச்சு வந்ததா என்று தெரியாது.

பயத்தை நோய் என்று எண்ணித்தான் நாங்கள் மருந்து தேடுகிறோம். உத்தரப்பிரதேசத்துக் கிராமப் பள்ளிப் பசங்களை வைத்து கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண்கள் ஒரு சோதனை செய்து 2004-இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பையன்கள் 321, தலித் பையன்கள் 321. சிக்கலான பாதைப் படத்தில் வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் காசு. சாதியைச் சொல்லாதபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு. பேர், அப்பா பேர், சாதி என்று எல்லார் முன்னாலும் படித்துக் காட்டியதும் தலித் பையன்கள் பின்தங்கிப் போனார்கள். மூளை அதேதான். அறையில் ஒரு சொல்தான் கூடியது. என்னிடம் அப்படி ஒரு பையனைக் கூட்டிவந்தால், சாதிச் சொல்லைக் கேட்டாலும் கை நடுங்காமல் இருக்க நான் பழக்க முடியும். பழக்கியும் இருக்கிறேன், நேர்காணலுக்குப் போகிற நம்ம பிள்ளைகளுக்கு அதைச் செய்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் படித்துக் காட்டுகிற ஆளை யார் நாற்காலியில் உட்கார வைப்பது? அவர் தனக்கு நோய் என்று நினைப்பதே இல்லை. இத்தனை வருஷத்தில், 'மற்றவர்களைத் தாழ்வாக நினைக்கிறேன், இதை எடுத்து விடுங்கள்' என்று ஒருத்தர்கூட என் படி ஏறியதில்லை.

2019-இல் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் குளத்தைவிட்டு வெளியே இருந்தபோது ஊரே நெரிந்தது. வெளியூர்க்காரர் சிலர் தலைசுற்றல், படபடப்பு என்று என் அறைக்கும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மூச்சுப் பயிற்சி முடிந்து தெளிவானதும் கேட்டார், "சாருக்கு இந்த ஊர்தானா? எந்தப் பக்கம்?" சேரியின் பேரைச் சொன்னேன். பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பாதி குடித்த தண்ணீரை அப்படியே விட்டுப் போனார். அவருக்குப் படபடப்பு திரும்பி வந்திருக்கலாம்.

இப்போது வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று முதலில் கேட்பதில்லை. யார் கூட்டி வந்தது, காசு யார் கொடுக்கிறது, கடன் இருக்கிறதா, இதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. போன மாசம் ஒரு துணிக்கடை முதலாளி போன் செய்தார். சேலை விரித்துக் காட்டுகிற பெண் ஒருத்திக்குத் திடீர் திடீரென்று கால் மரத்துப் போகிறதாம், நிற்க முடிவதில்லையாம். எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார். கடையில் உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டேன். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டத்தையே திருத்தினார்கள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைத் தனியாக வரச் சொல்லுங்கள், காசு வேண்டாம் என்றேன்.

அவள் இன்னும் வரவில்லை.